ஒருமுறை அழுத்தினால் ஆமாம்

முகப்பேரில் டாக்டர் சித்ராவின் கிளினிக்குக்கு ஷவுகத் அலி போனது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. பேய்க்கு உகந்த நேரமே இல்லை. கீழே மாவு மில், மேலே கிளினிக். படியெல்லாம் மிளகாய் நெடி.

ஷவுகத் அலி பூந்தமல்லியில் கார் ஸீட் கவர் தைப்பவர். ஐந்து மாதமாகப் பொட்டுத் தூக்கமில்லை. வாட்ச்மேனை நிறுத்திவிட்டு இவருக்கே விசில் வாங்கித் தரலாமா என்று தெருக்காரர்கள் கூடிப் பேசியதுண்டு.

காரணம் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா. பக்கவாதத்தில் பேச்சு போனபின் எட்டு மாதம் அவளுக்குக் கைதான் வாய். இவர் கேட்பார், அவள் இவருடைய இடது உள்ளங்கையை அழுத்துவாள். ஒருமுறை என்றால் ஆமாம். இருமுறை என்றால் இல்லை. குருமாவில் உப்பு சரியா என்று அதிலேயே சண்டையும் போட்டார்கள். கடைசி நாள், அந்தக் கையைப் பிடித்தபடியே இவர் தூங்கிவிட்டார். விழித்தபோது கை சில்லென்று இருந்தது.

நடுவில் அவள் அழுத்தினாளா?

அதை ஹிப்னாசிஸில் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். டாக்டர் ஆட்டிக் காட்டுவதற்கு வசதியாக மாமனாரின் செயின் கடிகாரத்தையும் கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் சிரிக்காமல் அதை வாங்கி மேசையில் வைத்தார். ஹிப்னாசிஸ் என்பது தூக்கமல்ல என்றார். பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போவோமே, அந்த மாதிரி. எல்லாம் காதில் விழும், வேண்டாமென்றால் எழுந்துவிடலாம். ஆனால் மறந்ததை அப்படியே மீட்டுத் தராது. மனசு கட்டிய கதையும் நிஜம் போலவே வந்து நிற்கும்.

"அந்த நாளுக்குப் போக வேணாம் பாய். தூக்கத்துக்கு மட்டும் வழி பண்ணுவோம்."

சரியென்று தலையாட்டினார். பொய்.

சாய்வு நாற்காலியின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். மனசுக்குள் பத்துப் படி இறங்கச் சொல்லி டாக்டர் எண்ணினார். எட்டில் மில் சத்தம் தூரமாயிற்று. ஐந்தில் கை கனத்தது. மூன்றில் மிளகாய் நெடி போய் டெட்டால் வாடை வந்தது.

ஒன்று.

டாக்டர் கடற்கரை என்றார். இவர் நின்றது தன் வீட்டுக் கட்டிலருகே. கட்டிலில் யாருமில்லை. போர்வை மட்டும் ஏறி இறங்கி மூச்சு விட்டது.

டாக்டர் மேலே எண்ணினார். பத்தில் கண் திறந்தது.

கையை மட்டும் யாரோ விடவில்லை.

டாக்டரிடம் சொன்னார். சிலருக்கு அந்தக் கனம் கொஞ்ச நேரம் இருக்கும், தானே போய்விடும் என்றார்.

பஸ் ஏறியும் போகவில்லை. கண்டக்டர் வந்தார்.

"ஒண்ணுதானே பாய்?"

உள்ளங்கையில் ஓர் அழுத்தம். பிறகு இன்னொன்று.

"ரெண்டு. ஒண்ணு லேடீஸ்."

"லேடீஸ் எங்க கீறாங்க?"

"ஜன்னலாண்ட."

கண்டக்டர் காலி இருக்கையைப் பார்த்தார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்; தர்க்கம் பண்ணி என்ன ஆகப்போகிறது? கிழித்துக் கொடுத்துவிட்டு வேகமாக முன்பக்கம் போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

ஷவுகத் அலி குனிந்து கிசுகிசுத்தார்.

"அன்னிக்கு நான் தூங்கிக்கினு இருக்கசொல்ல... அழுத்தினியா?"

ஒருமுறை.

"ரொம்ப நேரமா?"

ஒருமுறை.

வானகரம் வரைக்கும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"கோவமா கீறியா?"

இருமுறை. மெதுவாக. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அழுது முடித்ததும் ஐந்து மாதத் தூக்கமும் ஒன்றாக வந்து இமையில் உட்கார்ந்தது.

"நிசா, கொஞ்சம் கண்ணசரட்டா?"

பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது.

பிறகு, இருமுறை.

இப்போதெல்லாம் அவர் வலது கையால் மட்டும்தான் தைக்கிறார். தையல் கொஞ்சம் கோணல். வாடிக்கையாளர்கள் கேட்டால் சிரிப்பார்.

இடது உள்ளங்கையில் அந்த இரண்டாவது அழுத்தம் இன்னும் விடவில்லை.