கேட்டதற்கு மட்டும்

“நல்லசிவம், சங்ககிரி, வயசு நாப்பத்திரண்டு. எங்கூட்டுக்காரரு கெடச்சாருங்களா?”

சுவரில் பதித்திருந்த விடைமணிக் கருவி இரண்டு நொடி எடுத்துக்கொண்டது. “அந்தப் பெயரில் எவரும் மருத்துவமனையிலோ காவலிலோ பிணவறையிலோ இல்லை.”

இருபத்தொன்பது நாளாகக் கோகிலவாணிக்கு இதே விடைதான்.

நல்லசிவம் துணையாள். ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் லாரிகளில் சரக்குக்குக் காவலாகப் போகிறவன். மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு கிழக்கே போன லாரி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் போய்ச் சேரவில்லை. காவல் நிலையத்தில், “மணிகிட்டயே கேளும்மா, எங்களுக்கும் அதுதான் சொல்லுது” என்று அனுப்பிவிட்டார்கள்.

அரசின் எல்லாப் பதிவேடுகளையும் நொடியில் படித்துச் சொல்லும் அந்தக் கருவி வீட்டுக்கு ஒன்றாக வந்து ஆறு வருடமாகிறது. வந்த புதிதில் கேட்டதற்கு மேலும் சொல்லும். பட்டா விவரம் கேட்டவரிடம், அவருடைய தம்பி ரகசியமாகப் பதிந்த பத்திரத்தையும் சேர்த்துச் சொல்லி வெட்டுக்குத்தானது. வழக்குகள் குவிந்தன. அதன் பிறகு, கேட்டதற்கு மட்டுமே விடை என்று விதி வந்தது. ஊரே அதை வரவேற்றது. அலுவலகங்களில் இருந்த விசாரணைச் சன்னல்களையும் மூடிவிட்டார்கள்.

அப்படி மூடிய ஒரு சன்னலில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் ராபியா. கோகிலவாணியின் எதிர்வீட்டுக்காரி. ஓசூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவள், முப்பதாவது நாள் திரும்பியதும் விஷயம் தெரிந்து நேராகக் கோகிலவாணியிடம் வந்தாள்.

“மணிகிட்ட என்னன்னு கேக்கற?”

“பேரச் சொல்லித்தானுங்க்கா கேக்கறேன்.”

“அவரு தன் பேரச் சொல்ல முடியாத நெலமைல இருந்தா?”

ராபியா மணியின் பக்கம் திரும்பினாள்.

“பேரு தெரியாத ஆம்பளைங்க, நாப்பது வயசு மதிப்பு. போன முப்பது நாள்ல எந்தெந்த அரசு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க?”

“பதினொரு பேர்” என்று மணி ஒவ்வொருவராகப் படித்தது. நான்காவது ஆள் கீழ்வேங்கையூரில் இருந்தார். “எண் பதினேழு. எரியும் காரிலிருந்து இரண்டு குழந்தைகளை வெளியே இழுத்தவர். முகமும் இரு கைகளும் கருகியதால் அடையாளம் காண இயலவில்லை. தலையில் அடி, நினைவிழப்பு. வலது தோளில் ‘வாணி’ என்று பச்சை குத்தப்பட்டுள்ளது. நேற்று முன்தினம் இறந்தார். இன்று காலை அடக்கம் செய்யப்பட்டார்.”

“எம் பேருதானுங்க்கா அது” என்றாள் கோகிலவாணி. வழியில் நின்ற இடத்தில் அவன் இறங்கி ஓடியது தெரியாமல் லாரி தன் நேரத்துக்குக் கிளம்பிப் போயிருக்கிறது.

“எத்தன நாளா இது உனக்குத் தெரியும்?” என்றாள் மணியிடம்.

“இருபத்தெட்டு நாட்களாக.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“இந்தக் கேள்வி இந்த வீட்டிலிருந்து இன்றுதான் கேட்கப்பட்டது.”

ராபியா அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் இருவரும் கீழ்வேங்கையூர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோளின் புகைப்படத்தைப் பார்த்துக் கோகிலவாணி தலையசைத்ததும், பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் ஏறியது. செவிலி அவளை வார்டுக்குள் கூட்டிப்போய்க் காலியான கட்டிலைக் காட்டினாள்.

“முதல் வாரம் பேச்சே இல்லைங்க. அப்புறம் பேச்சு வந்துச்சு, ஆனா யாருன்னு அவருக்கே தெரியல. தோள்ல இருந்த பேரப் படிச்சுக் காட்டினேன். அதையே சொல்லிப் பாத்துட்டு இருப்பாரு. வேற எதுவும் எங்ககிட்டப் பேசினதில்ல. இந்த மணிகிட்டதான் பேசுவாரு.”

கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு விடைமணி இருந்தது. நோயாளிகளுக்கும் தகவல் உரிமை உண்டு என்பதால் கட்டிலுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்.

“என்ன பேசினாரு?”

“நீங்களே கேளுங்க. இப்ப உங்களுக்குச் சொல்லும்.”

கோகிலவாணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கூட்டுக்காரரு உங்கிட்ட என்ன கேட்டாரு?”

“‘என்னைய யாராச்சும் தேடறாங்களா?’ இருபத்திரண்டு முறை.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லை. எண் பதினேழைத் தேடி யாரும் கேட்கவில்லை.”