சொறிக்குச் சொந்தம் எது?

"இறங்க மாட்டேன்! வெட்டிப் போட்டாலும் இறங்க மாட்டேன்!" வள்ளத்தின் சுக்கானைப் பிடித்தபடி கத்தினான் கஸ்பார்.

"அப்போ எங்க அண்ணன் உள்ளேயே சாகட்டுமா?" என்று சீறினாள் ரெக்சலின். கடல் உயிரியல் படிப்பவள். கோபம் வந்தாலோ கடலே பயப்படும்!

எதிரே கூர்முனைத் தீவின் குகை. மூழ்கிய கப்பலின் வெண்கல மணி அதற்குள் கிடக்கிறதென்று, கடல் வற்றியிருந்த நேரத்தில் அவள் அண்ணன் டெல்வின் நுழைந்திருந்தான். பாறை ஒன்று சரிந்து காலைக் கவ்விக்கொண்டது. இப்போது கடல் ஏறுகிறது. "தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு!" என்று உள்ளேயிருந்து அலறினான்.

கஸ்பார் அண்ணன் தங்கை இருவருக்கும் சித்தப்பா மகன். பங்காளிச் சண்டையில் வருஷக்கணக்காக முறைப்பு. வேறு வள்ளம் கிடைக்காததால்தான் அவனைக் கூட்டி வந்தார்கள். ஆனால் இப்போது அவனைத் தடுத்தது பகை இல்லை, பயம். குகைவாசல் முழுக்கக் கண்ணாடி உருண்டைகளாக ஏதோ மிதந்தன.

"அத்தனையும் சொறி! ஜெல்லி மீன்! பட்டா தோல் வெந்துரும்."

ரெக்சலின் குவளையில் ஒன்றை அள்ளினாள். வெயிலில் அதன் உடம்பில் எட்டுக் கோடுகள் பல நிறமாக மின்னின. "இது சொறியே இல்லை! கொட்டுற செல் இதுக்குக் கிடையாது. சீப்புப் பல் மாதிரி எட்டு வரிசை இருக்கு பாருங்க, அதை அசைச்சு நீந்தும். சீப்பு ஜெல்லி. இது வேற கூட்டம்."

"பேரை மாத்தினா விஷம் போயிருமா?"

"இருந்தாத்தானே போகும்!" அதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. தொபுக்கென்று குதித்தாள். எல்லாரையும் வைதுகொண்டே கஸ்பாரும் கடப்பாரையோடு குதித்தான்.

குகைச் சுவரெங்கும் பூக்கள்! கஸ்பார் பிடிமானத்துக்குக் கை வைக்கப் போனான்.

"தொடாதீங்க! அது பூ இல்லை, பிராணி. கடல் சாமந்தி! சொறிக்கு நிஜமான சொந்தம் இதுதான். நடுவுல ஒரே வாய், சுத்திலும் கொட்டுற கை."

"நல்ல குடும்பம்!" என்று உறுமினான் அவன்.

தண்ணீர் டெல்வினின் தாடையைத் தொட்டது. கடப்பாரையைப் பாறைக்கடியில் கொடுத்து நெம்பினார்கள். அசையவில்லை. சுவரில் முதுகை முட்டுக்கொடுத்தால்தான் பலம் கிடைக்கும். சுவரிலோ சாமந்தி இல்லாத இடமே இல்லை. கஸ்பார் டெல்வினைப் பார்த்தான்.

"நாசமாப் போறவனே!" என்று கத்தியபடி சாமந்திகள்மேல் முதுகைச் சாய்த்து நெம்பினான். பாறை நகர்ந்தது! ரெக்சலின் அண்ணனை இழுத்தாள். அந்தப் பாவி, கண்டெடுத்த மணியைக் கையிலிருந்து விடவே இல்லை!

வள்ளத்தில் கஸ்பாரின் முதுகு சிவந்து தடித்தது. டெல்வின் பதறிப்போய்க் குடிதண்ணீர் கேனைத் தூக்கினான்.

"நல்ல தண்ணி ஊத்தாதே! தோல்ல ஒட்டியிருக்கிற செல் இன்னும் கொட்டும். கடல் தண்ணியை ஊத்து!" என்றாள் ரெக்சலின்.

அவன் அழுதுகொண்டே அள்ளி ஊற்றினான். "எனக்காக ஏம்லே முதுகைக் கொடுத்தே?"

"வாயை மூடிட்டு ஊத்துலே!"

கரையில் மணியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. கஸ்பார் ரெக்சலினிடம் சொன்னான்: "இனிமே என்ன ஏதுன்னு தெரியாம எதையும் திட்ட மாட்டேன், புள்ள."

பிறகு டெல்வினின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவனை மட்டும் திட்டுவேன். இவன் யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றான்.