மறந்து வைத்த குடை

நூலகர் மாடியேறி வந்தபோது முழங்கால்வரை நனைந்திருந்தார். முன்னறையில் இருந்த குமாஸ்தா எழுந்து துண்டு கொடுத்தார். குமாஸ்தா வேறு யாருமில்லை, வக்கீலம்மாவின் நாத்தனார்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அண்ணியிடம் வந்து சேர்ந்தவர். "நாத்தனாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிம்மதியா வேலை பாக்குற ஒரே பொம்பளை நீதான்" என்று அண்ணன் தன் மனைவியைக் கேலி செய்வார். நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊர் வம்பு உலகத்துக்கே பொது. அதையே உத்தியோகமாகச் செய்ய எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

நூலகர் பல்கலைக்கழகத்தின் பாலியல் புகார்க் குழுவுக்குத் தலைவி. வக்கீலம்மா அதே குழுவில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர். ஆகவே சுற்றி வளைக்காமல் பேச்சு தொடங்கியது.

"துறைத் தலைவர் மேல வந்த புகாரை வாபஸ் வாங்கியாச்சு" என்றார் நூலகர். "புகார் கொடுத்தது யாருன்னு யாரோ அவர்கிட்ட போட்டுக் கொடுத்திருக்காங்க."

"பாவம், அந்தப் பொண்ணு பயந்து போயிருப்பா" என்றார் நாத்தனார்.

"புகார் கொடுத்தது பொண்ணு இல்லீங்க. பையன்."

வக்கீலம்மா நாத்தனாரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று நாத்தனாருக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். துறைத் தலைவர் தன்னிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தியை அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் உதறிக்கொண்டு ஓடி வந்ததை, கூடப் படிக்கும் பையன் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டான். புகார் கொடு என்று அவளிடம் சொன்னான். "என் ஆராய்ச்சி அவர் கையெழுத்துலதான் இருக்கு. நீ போய்ச் சொல்லு. உனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு நான் வரேன்" என்றாள் அவள். அவனும் ஒரு மழை மாலையில் நூலகத்துப் பத்திரிகை அறைக்கு வந்து, வாய்மொழியாகவே சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் ஆய்வகத்தில் அவன் மேசையைக் காணோம். சாமானெல்லாம் அட்டைப்பெட்டியில் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. துறைத் தலைவர் அவனைத் தட்டிக்கொடுத்து, "என்ன தம்பி, இப்பல்லாம் நூலகத்துல ரொம்ப நேரம் படிக்கிறியாமே?" என்று கேட்டாராம்.

"உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"புகார் வந்ததுன்னு மூணு பேருக்குத் தெரியும். விசாரணைக்கு அறை கேட்டுப் பதிவாளர்கிட்ட பேசினேன். மாணவர் கோப்பு எதுவும் துறைத் தலைவர் கைக்குப் போகக்கூடாதுன்னு அலுவலகக் கண்காணிப்பாளர்கிட்ட சொன்னேன். வராந்தா கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி, காவலர்களுக்குத் தலைவர் இருக்காரே, அவர்கிட்ட சொன்னேன். புகார் கொடுத்தது யாரு, என்ன ஏதுன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ஆணா பொண்ணான்னுகூடச் சொல்லல."

"அந்தப் பொண்ணு?"

"வாயைத் திறக்கல. மாடிப்படிக்கு அடியில இருக்கிற பெட்டியைப் பாத்துட்டுப் போறா. இவனையே காப்பாத்த முடியலைன்னா அவ எதை நம்பி வருவா? அவ மட்டும் இல்ல, இனிமே யாரும் வரமாட்டாங்க."

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். மூவரையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். வக்கீலம்மா எல்லாரிடமும் "புகார் கொடுத்தவங்க" என்றே பேசினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விடவில்லை.

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தப் பொண்ணு நேரா என்கிட்ட வந்திருந்தா பேசித் தீர்த்திருப்பேன். இதுக்குத்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பொண்ணுங்களை லேப்ல இருக்க விடாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

"தப்பு பண்றவரை ஆறு மணிக்கு மேல இருக்க விடாம செய்யலாமே, சார்" என்றார் வக்கீலம்மா. பதிவாளர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் ஒரு தாள்கூட கோணலாக இல்லை. "அவளுக்கும் நாளைக்கு ஒரு வாழ்க்கை அமையணும் இல்லையா மேடம்? இதையெல்லாம் மூடி மறைச்சுட்டுப் போறதுதான் பொண்ணுக்கு அழகு. எங்க காலத்துல நாங்க வாயைத் திறந்தோமா?"

"திறக்கிற மாதிரி ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார் வக்கீலம்மா. அந்த அம்மாள் நேராக இருந்த தாள்களை இன்னும் நேராக்கினார். நாத்தனார் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்: இவள்தான்.

காவல் தலைவர் அறை கடைசியில் இருந்தது. சுவரில் கேமராத் திரைகள் வரிசையாக மின்னின. மனிதர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார்.

"புகார் கொடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஒரு குறையும் வராம பாத்துக்கறது என் பொறுப்பும்மா. ஆனா, கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? தூரத்துல நின்னு பாக்குறவங்களுக்கு எல்லாமே தப்பாத்தான் தெரியும். தீர விசாரிங்க. அதுதான் மெய்."

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னார்: "மூணு பேர்ல இவர் ஒருத்தர்தான் மனுஷன், அண்ணி. மத்தவங்களை மாதிரி பொண்ணு, பொண்ணுன்னு இளக்காரமா பேசல. அவங்க, இவங்கன்னு எவ்வளவு மரியாதை."

"ஆமாம். ரொம்ப மரியாதை" என்றார் வக்கீலம்மா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "உன் குடையை நாளைக்கு எனக்குக் கொஞ்சம் கடன் கொடு" என்றார்.

"உங்க குடைக்கு என்ன வந்துச்சு?"

"அது கறுப்பு. எனக்கு உன்னோட பூப்போட்ட குடைதான் வேணும்."

மறுநாள் பிற்பகல் மூவரும் பத்திரிகை அறைக்கு வரவழைக்கப்பட்டார்கள். நூலகர் கதவருகே உட்கார்ந்தார். நீள மேசையின் நடுவில் நாத்தனாரின் ஊதாப்பூக் குடை மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மடக்குக் குடை, கைப்பிடியில் சின்னக் குஞ்சம் வேறு. அண்ணி வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்" என்றார் வக்கீலம்மா. "புகார் கொடுத்தவங்க அன்னிக்கு இந்தக் குடையை இங்கேயே மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. யார் மூலமா கொடுத்தனுப்பறதுன்னு தெரியல."

"வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார் பதிவாளர்.

"என்கிட்ட கொடுங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று கண்காணிப்பாளர் குடையின் மேல் கையை வைத்தார்.

காவல் தலைவர் குடையை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இது லேடீஸ் குடையாச்சே" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"ஆமாம், லேடீஸ் குடைதான்" என்றார் வக்கீலம்மா. "அதுல உங்களுக்கு என்ன ஆச்சரியம்? இவங்க ரெண்டு பேருக்கும் ஆச்சரியமா இல்லையே."

வக்கீலம்மா குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"இந்த மாதிரி புகார்னு சொன்னாலே கேக்குறவங்க எல்லாரும் பொண்ணுன்னுதான் நினைச்சுக்குவாங்க. என் நாத்தனாரும் அப்படித்தான் நினைச்சா. பதிவாளரும் மேடமும் பேசினதுல எனக்கு நிறைய கோவம் வந்துச்சு. ஆனா அவங்க தப்பா பேசினதே அவங்களுக்கு விஷயம் தெரியாதுங்கிறதுக்குச் சாட்சி. நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் பொண்ணுன்னு சொல்லல. அது மட்டும்னா மரியாதைன்னு விட்டிருப்பேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"பழமொழி சொன்னீங்க. கண்ணால கண்டதும் பொய்னு. தனக்கு நடந்ததைச் சொல்ல வந்தவங்களைப் பத்தி அப்படி யாராவது சொல்லுவாங்களா? அடி வாங்கினவன் அடியைக் கண்ணாலயா பாக்குறான்? தூரத்துல நின்னு பாக்குறவங்கன்னு வேற சொன்னீங்க. புகார் கொடுத்தவங்க பார்த்தவங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நூலகர் மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்லல."

"துறைத் தலைவர் அந்தப் பையனை நூலகத்துல ரொம்ப நேரம் படிக்கிறியாமேன்னு கேட்டிருக்கார். இங்க யார் வரா, யார் போறான்னு உங்க அறைத் திரையிலதான் தெரியும். வராந்தாப் பதிவுல நின்ன முகமும், மழையில இங்க வந்த முகமும் ஒண்ணுதான்னு கண்டுபிடிக்க உங்களுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. அந்தப் பையன் குடையே கொண்டு வரல. இது என் நாத்தனாரோடது."

காவல் தலைவர் உட்கார்ந்தார். இதுவரை அவர் நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதை நாத்தனார் அப்போதுதான் கவனித்தார்.

"நல்ல மனுஷன்மா அவரு. என் பொண்ணுக்கு இடம் கிடைக்காம அலைஞ்சப்போ அவர்தான் சேத்துவிட்டாரு. உப்பிட்டவரை மறக்கக்கூடாது இல்லையா? புகார் வந்திருக்குன்னு ஒரு வார்த்தை காதுல போட்டேன். யாருன்னு கேட்டாரு. பாத்துச் சொன்னேன்."

"உங்க பொண்ணு எந்தத் துறையில படிக்கிறா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "அவர் துறையிலதான்" என்றார்.

கண்காணிப்பாளர் குடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நாத்தனாருக்கு அந்த மனிதர் மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது.

"எம்பொண்ணு ஒண்ணும் சொன்னதில்லையேம்மா" என்றார் காவல் தலைவர்.

"சொல்லணும்னா இங்கதான் வந்து சொல்லணும். வந்தா, அதையும் நீங்கதானே திரையில பாத்துச் சொல்லியிருப்பீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். "வராந்தாப் பதிவை அழிச்சிடச் சொன்னாரு. கை வரல. அப்படியே இருக்கு."

வக்கீலம்மா சாவியை நூலகரிடம் தள்ளிவிட்டுப் பதிவாளர் பக்கம் திரும்பினார். பதிவாளர் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை துறைத் தலைவரும் காவல் தலைவரும் பொறுப்பில் இருக்கக்கூடாது என்றும், பையனுக்கும் அந்த மாணவிக்கும் வேறு வழிகாட்டி வேண்டும் என்றும் வக்கீலம்மா சொல்ல, அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"முதல்ல அந்த மேசை" என்றார் வக்கீலம்மா. "இன்னிக்கே. எல்லாரும் பாக்குற மாதிரி."

மேசையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வாசலுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

"குடை எங்கே?" என்றார் வக்கீலம்மா.

"அங்கேயே மறந்து வச்சுட்டேன், அண்ணி."

"இந்தத் தடவை உண்மையாவே மறந்தியா?"

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். பத்திரிகை அறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்து, கையில் ஆய்வகக் கோட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே நூலகர் மட்டும் இருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"அவன் மேசையைத் திரும்பக் கொண்டு வந்து போட்டுட்டாங்க" என்றாள் அந்தப் பெண். தயங்கினாள். "அவன் சொன்னது அவன் பார்த்தது. எனக்கு நடந்ததை நான்தானே சொல்லணும்?"

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடாத நாத்தனார் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவைத் திறந்து அவளை உள்ளே அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பேச்சு காதில் விழாத தூரத்துக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார்.