பத்தாம் வீட்டுப் பெயர்

எழுதிப் பழக்கமில்லாத அடியேன் இதைச் சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

1985ஆம் ஆண்டு, மலேசியாவின் சிலிம் ரிவர் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து அலுவலகத்துக்கு ஈப்போவிலிருந்து கணினி வந்தது. அதை இயக்கக் கற்றவள் நவமணி, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசியின் இரண்டாம் தாரம். முதல் தாரமான இருளாயியும் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளும் லாரி கவிழ்ந்து ஒன்றாக இறந்தவர்கள். சன்னாசி தூக்கத்தில் இன்னும் இருளாயியைத்தான் அழைத்தார்.

விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கையில், அவர் வாசிக்கும் பட்டியல் வீட்டு வரிசைப்படி அமைந்தது. ஒன்பதாம் வீடு கருப்பம்மாள். பத்தாம் வீடு இருளாயி, அவளுக்குக் கீழே நவமணி. பழைய பேரேட்டிலிருந்து அப்படியே கணினியில் ஏற்றியதால் இறந்தவர் பெயர்களும் அதில் இருந்தன.

"செத்தவங்க பேர எடுத்துடுறேன்," என்றாள் நவமணி.

அலுவலகக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு தயங்கினார். "வரிசையா பாத்துக்கிட்டுப் போறப்பவே எடுக்காத தங்கச்சி. ஒன்னு போனா, அடுத்தது அந்த எடத்துக்கு ஏறிடும். கம்ப்யூட்டர் அதப் பாக்காமலே தாண்டிடும். கடைசியிலருந்து மேல வா லா."

"தெரியும்ணே. அவ பேரு இனி ஒரு நிமிசங்கூட இருக்கக்கூடாது."

மேலிருந்தே அழிக்க விட்டாள். கருப்பம்மாள் நீங்கினாள். இருளாயி ஓரிடம் மேலேறி அங்கே நின்றாள். கணினி அவளைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள், பனிமூட்டத்தில் சன்னாசி தாளை வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இருளாயி..."

குரல் குழைந்தது. நவமணியை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

புளித்த ரப்பர்ப்பால் வாடை எழுந்தது.

"வந்துட்டேங்க."

குரல் வந்த பக்கம் ஒருவரும் இல்லை.

நவமணி அலுவலகத்துக்கு ஓடினாள். கணினிக்கான ஆணையை மாற்றி எழுதினாள்: இருளாயி வந்தால் அழி, மற்றவர் வந்தால் அச்சிடு. அதே மேலிருந்து கீழ். இருளாயி அழிந்தாள். அவள் இடத்துக்கு யார் ஏறியது என்று நவமணி பார்க்கவில்லை; கணினியும் பார்க்கவில்லை.

அடுத்த பெரட்டில் சன்னாசி எட்டாம் வீட்டிலிருந்து பதினொன்றாம் வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்னங்க, என் பேரு?"

"தாள்ல இல்லியே புள்ள."

அவர் தாளை மடித்தார். பழக்கதோஷத்தில், பாராமலே, மெல்ல அழைத்தார்.

"இருளாயி..."

கூடாது என்று கத்த நவமணி வாய் திறந்தாள்.

"வந்துட்டேங்க," என்றது அவள் வாய்.

திருமணமானபின் முதன்முறையாக, சன்னாசி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பணிவுடன் கணக்கை ஒப்படைக்கிறேன். பட்டியலில் ஆதியில் இருந்த பெயர்கள் நூற்றுப் பன்னிரண்டு. இழந்தவை: இறந்தவர் இருவர், உயிரோடிருந்த ஒருத்தி. தாளில் எஞ்சியவை நூற்றொன்பது.

அன்று பெரட்டில் பதில் சொன்னவர்கள் நூற்றுப் பத்து.