கேட்காமல் வரலாம்

ஊறல் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

எங்ராசியா குனிந்தபடியே நின்றுவிட்டாள். ஃபதாங் கொட்டை நஞ்சுள்ளது. அறுத்து ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் இடித்து மாவாக்கித் தின்ன முடியும். மகள் நியேவெஸுக்குக் காய்ச்சல் கொதித்ததில் நேற்று அவள் தொட்டிப் பக்கமே வரவில்லை. இந்நேரம் அது பழுப்பேறி, நுரை கட்டி, குடலைப் புரட்டும் வாடையோடு கிடந்திருக்க வேண்டும். இப்போதோ அடியில் கிடந்த வில்லைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. விளிம்பில் மட்டும் ஈரமான கறுப்பு மண், நாலு விரல் அகலத்துக்கு.

சொல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவன் ஒருவன்தான். அவள் புருஷன் செவெரினோ.

அவனும் ஊர் ஆண்களும் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோதுதான் சிப்பாய்கள் வந்தார்கள். விமானத் திடலில் மண் வெட்ட ஆள் வேண்டுமாம். காலில் அப்பிய சேற்றைக்கூடக் கழுவ விடாமல் வரிசையாக ஓட்டிப் போனார்கள். ஜப்பான்காரன் குவாம் தீவைப் பிடித்ததிலிருந்து விளைந்த நெல்லெல்லாம் அவனுக்கு, நட்டவனுக்கு நஞ்சுக் கொட்டை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

தப்பி வந்து காட்டோரம் பதுங்கியிருக்கிறானா? பிடிபட்டால் தலை போய்விடும். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தைவிட ஆசைதான் அதிகமாக அடித்தது.

தணலில் சுட்டு வைத்திருந்த ஈரப்பலாக்காயில் பாதியைச் சிரட்டையில் வைத்து, பின்பக்கப் படியில் வைத்தாள். வீட்டில் இருந்த சாப்பாடு அவ்வளவுதான்.

உள்ளே நியேவெஸ் பாயில் சுருண்டு கிடந்தாள். போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது பிள்ளையின் கையில் நீலமாக, வரிசையாகக் கிள்ளிய தடங்கள்.

"யாருடி கிள்ளினது?"

"அப்பாதான். கூப்பிட்டாரு, நான் எந்திரிக்கல. அதான்."

"எங்க இருக்காரு அப்பா?"

"வெளிய. எல்லாரும் வந்திருக்காங்கம்மா. எல்லாரும் குளிருதுங்கிறாங்க."

காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று எங்ராசியா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கிள்ளு என்றால் இந்தத் தீவில் யாரும் காட்டில் ஆவியாக இருக்கும் மூதாதையர்களைத்தான் நினைப்பார்கள். கேட்காமல் காட்டில் நுழைந்தவர்களையும் பிடித்துப்போன பிள்ளைகளையும் அவர்கள் கிள்ளுவார்கள். ஆனால் அவள் முறை தவறியவள் இல்லை. கொட்டை பொறுக்கப் போன அன்றுகூடப் பெரிய ஆலமரத்தடியில் நின்று, கேட்க வேண்டிய முறைப்படிதானே கேட்டாள். உங்கள் இடத்தில் கால் வைக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலத்துக்கு நீங்கள் வந்தால் கேட்காமல் கடந்து போகலாம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் அதோடுதான் நிறுத்துவார்கள். அன்றைக்கு அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் புருஷனைத் திருப்பி அனுப்பி வையுங்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயே வாருங்கள், கேட்கவே வேண்டாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மண்ணில் நெற்றி முட்ட அழுதாள். எடுக்க வீட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னாள். காலடியில் மண் பொதபொதவென்று புதிதாகக் கிளறியது போல இருந்ததை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது அன்று சாயங்காலம்தான்.

மழை இருட்டிக்கொண்டு இறங்கியபோது பக்கத்து வயல்காரி மொதெஸ்தா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். நியேவெஸ் அந்தக் காய்ச்சலிலும் எழுந்து வந்து, அவள் வலது கையைப் பிடித்துத் தலை குனிந்து மூக்கில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களைக் கண்டால் இந்த மரியாதையை அவள் மறந்ததே இல்லை.

"நல்ல பிள்ளை. போய்ப் படு, ராசாத்தி." மொதெஸ்தா தொட்டியைப் பார்த்தாள். "என்னடி, தண்ணி இப்படிப் பளிச்சுனு இருக்கு? சோம்பேறி, உனக்கு எப்ப இந்தப் புத்தி வந்துச்சு?"

மொதெஸ்தா சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. எங்ராசியாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சத்தம் போட்டு அழாத. ரோட்டுல காவல் நிக்குது. மண்ணு வெட்டப் போனவங்க திடலுக்கே போய்ச் சேரலடி. அந்தப் பெரிய ஆலமரத்தடியில... மழை மண்ண அரிச்சிருக்கு. நானே பாத்தேன். கையெல்லாம் வெளிய தெரியுது."

"அவரு?"

"நீ ஒட்டுப் போட்ட சட்டைடி. அந்தச் செகப்புத் துணி."

எங்ராசியாவுக்கு அழ வரவில்லை. தான் நெற்றி முட்டி அழுத இடம்தான் கண்முன் வந்தது. பொதபொத மண். வாருங்கள் என்று அவள் சொன்னது. கேட்க வேண்டாம் என்று சொன்னது.

மொதெஸ்தா தலையைத் திருப்பினாள். "உள்ள பிள்ள யாருகிட்டடி பேசுது?"

எங்ராசியா எழுந்து ஓடினாள். பின்பக்கப் படியில் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. பலா இல்லை. படியெல்லாம் மண். வாசற்படி தாண்டி, உள்ளே, பலகைத் தரை முழுக்க மண். மழை வாடை இல்லை அது. மூடிக் கிடந்த குழியின் வாடை.

நியேவெஸ் அறை நடுவில் நின்றிருந்தாள். எதிரே யாரும் இல்லை. வெறும் காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து, மூக்கில் வைத்தாள். நிமிர்ந்தாள். ஓரடி தள்ளி நின்றாள். மறுபடி குனிந்தாள்.

மூக்கு நுனியில் கறுப்பு மண்.

இன்னும் ஓரடி. இன்னொரு கை. சுவரோரம் வரிசையாக, பொறுமையாக.

"போயிடுங்க," என்றாள் எங்ராசியா. "தெரியாமச் சொல்லிட்டேன். பிள்ளைய விட்டுடுங்க."

கொடுத்ததைத் திரும்பக் கேட்க, மூதாதையரிடம் பேசும் அந்த முறையில் வார்த்தை கிடையாது. அவளும் தேடினாள். கிடையாது.

வரிசை முடிந்தது. பின்வாசல் அருகே கடைசியாக ஒரு கை. இதை மட்டும் நியேவெஸ் நீண்ட நேரம் மூக்கில் வைத்திருந்தாள். முகம் மலர்ந்தது.

"அப்பா," என்றாள்.

தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

எங்ராசியா பாய்ந்தாள். பிள்ளையின் பாதங்கள் தரையை விட்டு எழுந்தன. முதலில் குதிகால். பிறகு விரல்கள்.

பிறகு அவை இறங்கவில்லை.