அப்பா படமும் எட்டு ஜி.பி. மெமரியும்

மேலப்புதூரில் கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டால் பெலிண்டாவின் அம்மா டோரதிக்குத் தலைக்கு மேல் வேலை. இறந்தவர்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் அழகாக்கி, பெயரும் தேதியும் போட்டுக் கொடுப்பார். சொந்தக்காரர்கள் அதைச் சட்டம் போட்டு, கல்லறையில் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் வைப்பார்கள்.

இந்த வருடம் அந்த வரிசையில் அப்பாவும் ஒருவர். தவக்காலத்தில் காய்ச்சலில் படுத்த அற்புதசாமி எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு பெலிண்டாவுக்கு வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை.

நாளை மறுநாள் திருநாள். எல்லார் படமும் முடிந்துவிட்டது. அப்பா படம் மட்டும் பாக்கி.

"அப்பா படம் எப்பம்மா?"

"அதைத் திறந்தாலே கம்ப்யூட்டர் நின்னுடுதுடி. மெமரி பத்தல. பார்ப்போம்," என்றார் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அப்பா கல்லறையில் மட்டும் படம் இருக்காதா? பெலிண்டாவால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் எதிர்வீட்டுத் தைரியராஜ் மாமாவிடம் ஓடினாள்.

மாமா ஒரு டப்பாவைக் கிளறி, பச்சை நிறத்தில் சிறிய மெமரி அட்டை ஒன்றை எடுத்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது நாலு ஜி.பி. இது எட்டு. கம்பெனியும் வேற, வேகமும் வேற."

"அப்ப சேர்க்கக் கூடாதா மாமா?"

"சேர்க்கலாம். ஒத்துப்போனா, மெதுவானதோட வேகத்துல ரெண்டும் ஓடும். ஒத்துப்போகலேன்னா நடுவுல நின்னு, செஞ்ச வேலையும் கெட்டுப்போகலாம். நானும் உங்க அத்தையும் மாதிரிதான், முன்கூட்டியே சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லு, வந்து மாட்டித் தரேன்."

தூறலில் நடந்தபடியே பெலிண்டா யோசித்தாள். கம்ப்யூட்டரில் ஊரார் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. அப்பா படத்துக்காக அடுத்தவர் அப்பாவைத் தொலைக்கலாமா?

அம்மா பூ வாங்கப் போயிருந்தார். பெலிண்டா முதலில் எல்லாப் படங்களையும் பென் டிரைவில் ஏற்றினாள். பிறகு, எங்கேதான் நிற்கிறது பார்ப்போம் என்று அப்பா படத்தைத் திறந்தாள்.

கண் இமைப்பதற்குள் திறந்துகொண்டது. சட்டைப் பையில் சீப்போடு அப்பா சிரித்தார். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

நின்றுபோனது அம்மாவின் கை என்று அவளுக்குப் புரிந்தது.

குடையை மடக்காமலே அம்மா வாசலில் நின்றார்.

"திறந்துட்டியா?"

"ம். நல்லாத்தான் திறக்குது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் இறந்த தேதி அடிச்சுட்டேன். உங்கப்பா பேருக்குக் கீழ அதை அடிக்க முடியலடி."

"நான் அடிக்கறேன்மா. நீ சொன்னா போதும்."

அம்மா சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அழுதார். பெலிண்டாவும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை அடித்தாள்.

"பையில இருக்கற சீப்பை அழிச்சுடலாமாம்மா?"

"வேணாம். சீப்பு இல்லாம அவர் தெருமுனைக்குக்கூடப் போனதில்ல," என்றார் அம்மா. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

வேண்டாம் என்று பெலிண்டா சொல்லிவிட, மெமரி அட்டை மாமாவின் டப்பாவுக்கே திரும்பிப் போனது.

திருநாளன்று மெழுகுவர்த்திகள் மழைக்காற்றில் அணைவதும் மறுபடி ஏற்றப்படுவதுமாக இருந்தன. தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர், அப்பாவின் கல்லறை முன்னால் குனிந்து, படத்தில் இருந்த பெயரையும் பெலிண்டா அடித்திருந்த தேதியையும் உரக்க வாசித்து ஜெபித்தார்.

அம்மாவும் பெலிண்டாவும் சேர்ந்தே "ஆமென்" என்றார்கள்.