சிவப்பு டெலிபோன், பதினொன்றரை மணி

செல்போன் அலறியது!

றில்வான் நமுனுகுல தோட்டப் பக்கம் ஒரு கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட். ஒரு கையில் ஃபைபர் கேபிள். மற்ற கையால் போனை எடுத்தான்.

"ஹலோ..."

"நீதானே டெலிபோன் வேலை செய்ற றில்வான்?"

"ஆமாங்க. யாரு பேசுறது?"

"பதுளை பொலிஸ். இன்ஸ்பெக்டர் ஜெயராசா. காலையில ராமாமிர்தம் முதலாளி வீட்டுக்கு வந்தியா?"

"வந்தேன் சேர். ஏன்... லைன் வேலை செய்யலையா?"

"லைனுக்கு ஒண்ணுமில்ல. முதலாளிக்குத்தான்..."

"என்னாச்சு சேர்?"

"செத்துட்டாரு! யாரோ கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்க. இருக்கிற எடத்தச் சொல்லு. நகராத. ஜீப் வருது!"

கம்பத்தின் உச்சியில் இருப்பவன் எங்கே நகர்வது? றில்வான் இறங்கி, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஜீப் வந்தது. யாரும் அவனிடம் பேசவில்லை. பதுளைக்கு இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் காலையில் நடந்தது அவன் நினைவில் வந்து போனது.

எட்டரை மணிக்குப் போயிருந்தான். ராமாமிர்தம் மனைவியை இழந்தவர். அந்தப் பெரிய வீட்டில் அவரும், அவருடைய புடவைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மகன் நிரோஷனும்தான். நிரோஷன் ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டானாம்.

"தம்பி, நம்பர் மாறக்கூடாது. முப்பத்தெட்டு வருஷ நம்பர். இந்தச் சிவப்புப் போனும் இங்கனயே இருக்கணும்."

"எல்லாம் அப்பிடியே இருக்கும் முதலாளி. பேச்சு மட்டும் இனி இன்டர்நெட் வழியா போகும். ஆனா ஒண்ணு... கரண்ட் போனா இந்த வெள்ளப் பெட்டி நின்னுடும். பெட்டி நின்னா போனும் நின்னுடும். சின்ன பெட்டரி ஒண்ணு வாங்கி வைங்க."

"வெள்ளிக்கிழமை என் மக மேனுஷா வருவா, வாங்கிக்கலாம். கடைய அவ பேருல எழுதப் போறேன் தம்பி. அவளுக்குத்தான் இந்த இன்டர்நெட்டெல்லாம். நிரோஷன்ட்ட டீவிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் வாயத் தொறந்துடாத."

வேலை முடிந்ததும், ஜன்னலோரம் ஓடிய பழைய வயரை றில்வான் கழற்றிச் சுருட்டினான்.

"வீசிடாத தம்பி! கொடி கட்டித் துணி காயப்போட ஒதவும்."

மூலையில் வைத்துவிட்டு, ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினான். வாசல் வரை வந்து வழியனுப்பிய மனிதர். இப்போது இல்லை!

ஜீப் முதலாளி வீட்டு வாசலில் நின்றபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் ராமாமிர்தம். கண்கள் திறந்தபடி. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வயர். அதன் ஒரு நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புப் பெட்டி தொங்கியது.

றில்வான் ஓரடி பின்வாங்கினான்.

"அல்லாஹ்வே..."

"வயரத் தெரியுதா?" இன்ஸ்பெக்டர் ஜெயராசாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும் சேர். நான் வச்சிட்டுப் போனது."

"ரேகை எடுத்தா உன் ரேகை இருக்குமா?"

"இருக்கும் சேர். நான்தானே சுருட்டினேன். ஆனா நான் ஒண்ணும் செய்யல்ல!"

"இவன்தான் சேர்!"

சோபாவிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். இஸ்திரி கலையாத சட்டை. சிவந்த கண்கள். நிரோஷன்.

"பதினொன்றரைக்கு மாமா கடைக்குப் போன் பண்ணாரு. 'காலையில வந்த பய திரும்ப வந்திருக்கான்டா, அலுமாரிய நோண்டுறான்'னாரு. அப்புறம் ஒரு சத்தம்... லைன் கட்! கடைப் பொடியன்க நாலு பேரு பக்கத்துல இருந்தாங்க. கேட்டுப் பாருங்க!"

"கேட்டாச்சு." இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். "இரைச்சல்ல மணியடிச்சது கேக்கலையாம். ஆனா இவரு போன வச்சிக்கிட்டு 'மாமா, மாமா'ன்னு கத்தினத நாலு பேரும் பாத்திருக்காங்க. பதினொன்றரைக்கு நீ எங்கடா இருந்த?"

"நமுனுகுலயில, கம்பத்து மேல சேர்."

"பாத்தவங்க?"

றில்வான் யோசித்தான். கேபிள் இழுக்கப் போன வீடு பூட்டியிருந்தது. தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் மறு சரிவில். கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் இல்லை.

"யாரும்... இல்ல சேர்."

"சரிதான்!" என்றான் நிரோஷன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி மட்டும் எப்படியோ ஏழை வீட்டு விலாசத்தைச் சரியாகக் கண்டுபிடித்து வந்துவிடுகிறது. அவன் மனைவி றின்ஸாவுக்கு இது ஒன்பதாம் மாதம். நாளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அவன் ரிமாண்டுக்குப் போனால் அவளை யார் கூட்டிப் போவது?  

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"சேர்... ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு. இவருகிட்ட கேக்கலாமா?"

ஜெயராசா தலையசைத்தார்.

"முதலாளி எந்தப் போன்லருந்து கூப்பிட்டாரு?"

"வேற எதுலருந்து? மாமாகிட்ட செல்போனே கெடையாது. இந்தா, இந்தச் சிவப்புப் போன்தான்!"

"பதினொன்றரைக்கா?"

"ஆமா. கடிகாரத்தப் பாத்தேன்."

றில்வான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"சேர், இன்னைக்கு இந்த ரோட்டுல மரம் வெட்டுறாங்க. பத்து மணிலருந்து ஒரு மணி வரைக்கும் கரண்ட் இல்ல. காலையில நான் வர்றப்பவே நோட்டீஸ் ஒட்டியிருந்திச்சு."

"தெரியும். ஸ்டேஷன்லயும் இல்ல. அதுக்கு?"

"கரண்ட் இல்லாம இந்தப் போன் பேசாது சேர்!"



நிரோஷன் சிரித்துவிட்டான். பிணம் கிடக்கும் வீட்டில் சிரித்தான்!

"கேட்டீங்களா சேர்? டெலிபோன்காரன் பேசுற பேச்சா இது? செல்போனுக்குத்தான் சார்ஜ் வேணும். லேண்ட்லைனுக்கு எதுக்குக் கரண்ட்? அந்த லைன்லயே கரண்ட் வரும்! போன வருஷம் புயல் மழையில ஊரே மூணு நாள் இருட்டுல கெடந்துச்சு. இந்தத் தெருவுல அடிச்ச ஒரே போன் இதுதான்!"

"அது உண்மைதான்," என்றார் ஜெயராசா. "எங்க வீட்டுலயும் அப்பிடித்தான். தம்பி, பொய் சொல்றதுனாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லு."

றில்வான் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் விலங்கு அவன் இடது கையில் விழுந்தது. க்ளிக்!

இரும்பின் குளிர்ச்சி முழங்கை வரை ஏறியது. முடிந்தது. எல்லாம் முடிந்தது. தலை தானாகக் குனிந்தது.

குனிந்த கண்ணில் அந்தப் பழுப்புப் பெட்டி பட்டது.

றில்வான் அதையே பார்த்தான். ஐந்து விநாடி. பத்து விநாடி.

மெல்ல நிமிர்ந்தான். குரலில் நடுக்கம் போயிருந்தது.

"நிரோஷன் முதலாளி... நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. பழைய லைன் கரண்ட் இல்லாட்டியும் பேசும்."

"இப்ப ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பழைய லைன் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?"

"என்னடா ஒளர்ற? செவத்துல இருக்கும்!"

"இல்ல. உங்க மாமா கழுத்துல இருக்கு!"



"என்ன சொல்ற?" ஜெயராசா ஓரடி முன்னால் வந்தார்.

"இந்த வயர்தான் சேர் முப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்டுக்குப் பேச்சக் கொண்டு வந்தது. அந்தப் பழுப்புப் பெட்டிலதான் போன் வயரச் சொருகுறது. காலையில நான்தான் கழட்டினேன். கொடி கட்ட ஒதவும்னு முதலாளி வச்சுக்கிட்டாரு. ஜன்னல் பக்கம் பாருங்க. பெட்டி இருந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பு வெள்ளையா இருக்கும்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலருகே போனார். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சதுரம். இரண்டு ஆணி ஓட்டைகள். பக்கத்தில் வெட்டிய வயரின் நுனி, கறுப்பாக.

அடுத்துச் சிவப்புப் போனின் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது மேசைக்கு அடியில் இறங்கி, சுவரோரம் நடந்து, டீவிக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பெட்டியில் போய் முடிந்தது.

"நிரோஷன்... இங்க வாங்க. போன எடுத்துக் காதுல வைங்க. என்ன கேக்குது?"

"டொய்ங்னு... சத்தம் கேக்குது சேர்."

ஜெயராசா குனிந்து வெள்ளைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் அணைந்தன.

"இப்ப?"

நிரோஷன் போனைக் காதில் இன்னும் அழுத்தினான். 

"கேக்குறேன்ல? இப்ப என்ன கேக்குது?"

"ஒண்ணும்... ஒண்ணும் கேக்கல சேர்."

"பதினொன்றரைக்கும் இதே கதைதான். கரண்ட் இல்லாத வீட்டுலருந்து, கழட்டின லைன்ல, உன் மாமா எப்பிடிடா பேசினாரு?"

"நான்... இன்டர்நெட்டுன்னா டீவிக்குன்னு... போனையும் மாத்துவாங்கன்னு எனக்கு..." சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

நுணலும் தன் வாயால் கெடும்!

பொய்ப் போன் நாடகத்தை அவன் ஜோராகத்தான் ஆடியிருந்தான். ஆனால் சிவப்புப் போன் அதே மேசையில், அதே இடத்தில் இருந்ததால், உள்ளே லைனும் அதேதான் என்று நினைத்துவிட்டான். மூலையில் கிடந்த வயரை, வந்தவன் மிச்சம் வைத்துப் போனது என்று நினைத்து எடுத்துவிட்டான்.

கான்ஸ்டபிள் றில்வானின் விலங்கைக் கழற்றினார். அது அப்படியே நிரோஷனின் கைக்கு இடம் மாறியது. சூடு ஆறியிருக்காது!

"ஏன்டா செஞ்ச?"

நிரோஷன் சோபாவில் சரிந்தான். "நேத்து பத்திரம் எழுதுற நொத்தாரிஸ் கடைக்கே கடுதாசி அனுப்பிட்டாரு சேர். கடை மேனுஷாவுக்காம்! பன்னண்டு வருஷம் அந்தக் கடையே கதின்னு கெடந்தவன் நான். பேசிப் பாக்கத்தான் பத்தரைக்கு வந்தேன். 'நீ சம்பளத்துக்கு இருந்தவன்தானே'ன்னாரு. கண்ணு மண்ணு தெரியல. மூலையில வயரு கெடந்துச்சு..."

றில்வான் குனிந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தான். ஒரு கொடி வயருக்கு ஆசைப்பட்ட மனிதர். மனம் கனத்தது. செல்போனை எடுத்து றின்ஸாவுக்கு, 'ராவைக்குச் சோத்துக்கு வந்துடுவேன்' என்று மட்டும் அனுப்பினான்.

நிரோஷன் தலையைத் தூக்கினான்.

"சேர்... என் லோயர்கிட்ட ஒரு வார்த்த பேசணும். இந்தப் போன்லருந்து ஒரு கோல் எடுக்கட்டுமா?"

ஜெயராசா றில்வானைப் பார்த்தார். றில்வான் வெள்ளைப் பெட்டியின் பிளக்கைத் திரும்பச் சொருகினான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"தாராளமா எடுங்க முதலாளி. ஆனா சுருக்கமா பேசுங்க... மிச்ச மரத்த வெட்ட நாலு மணிக்கு மறுபடியும் கரண்ட நிப்பாட்டுவாங்களாம்!"